அம்பலம் ஏறாத சொல்: இளையோரும் மனநலச் சேவைகளும்

மலேசியாவில் மனநல மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் பேராக் மாநிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். ஈப்போவுக்கு வடகிழக்கே, தஞ்சோங் ரம்புத்தானில், 1911இல் பிரிட்டிஷ் ஆட்சி திறந்த மனநோய் மருத்துவமனை, பின்னர் மத்திய மனநோய் மருத்துவமனை என்றும், 1971 முதல் மகிழ்ச்சி எனப் பொருள்படும் பஹாகியா மருத்துவமனை என்றும் பெயர் மாறி, ஒரு நூற்றாண்டைக் கடந்தும் இயங்கி வருகிறது. பெயரை மாற்றியதால் பேச்சு மாறிவிடவில்லை. ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய கேஸ்’ என்ற ஏளனம் மலாய், சீன, தமிழ்ப் பேச்சுகள் மூன்றிலும் வழங்கி, வகுப்பறை முதல் காப்பிக்கடை வரை ஒலித்து, ஒரு பிள்ளை மனநல மருத்துவர் என ஒருவர் உண்டு என்பதை அறிவதற்கு முன்பே அவரிடம் போவது இழிவு என்பதைக் கற்பித்துவிடுகிறது. மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் இடையே, ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்து இன்று செம்பனை சூழ்ந்துள்ள ஆயர் தாவார் போன்ற சிற்றூரில் வளரும் இளையோருக்கு, அந்த மருத்துவமனை சாலைவழி ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. அதன் பெயர் சுமக்கும் இழிவோ வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

இளையோரின் மனநலம் குறித்து மலேசியாவில் தகவல் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, இடைநிலைப்பள்ளி மாணவரை 2017இலும் 2022இலும் தனியாக ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டின் ஆய்வில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐவரில் இருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் தென்பட்டன. 33,523 மாணவர் பங்கேற்ற 2022ஆம் ஆண்டின் ஆய்வில் மனச்சோர்வு அறிகுறிகள் உடையோர் 26.9 விழுக்காடாக இருந்தனர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகக் கூறியோர் 13.1 விழுக்காடு, முயன்றதாகக் கூறியோர் 9.5 விழுக்காடு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மனச்சோர்வு, பதற்றம் பற்றியவை வடிகட்டல் கருவிகள் எனப்படும் வினாப்பட்டியல்கள் தந்த எண்கள். அதாவது, ஓரிரு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம், தன்மதிப்பு முதலியவை எப்படி இருந்தன என்பதைப் பிள்ளையே குறித்துத் தரும் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ‘அறிகுறி உண்டு’ என்று கொள்ளும் முறை, மருத்துவரின் நோயறிதலுக்கு ஈடாகாது. மேலும், இரு ஆண்டுகளிலும் மனச்சோர்வை அளந்த வினாப்பட்டியல்கள் வேறு வேறு என்பதால், மனச்சோர்வு ஐந்தாண்டில் இத்தனை மடங்கு கூடிவிட்டது என்று மேடைகளில் முழங்குவது அளவுகோலை மாற்றிவிட்டு உயரத்தை ஒப்பிடுவதாகும். இன்னொன்றும் உண்டு: ஆய்வு பள்ளியில் நடந்தது, ஆகவே பள்ளியைவிட்டு நின்றுவிட்ட பிள்ளைகள், அதாவது யாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டுமோ அவர்கள், அந்த எண்களுக்குள் இல்லை.

இவ்வளவு குறைகளோடும் அந்த எண்கள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. பெயர் எழுதத் தேவையில்லாத தாளில் கேட்டால் இளையோர் சொல்கிறார்கள். சொல்ல அவர்கள் அஞ்சுகிறார்கள், வெட்கப்படுகிறார்கள், விழிப்புணர்வு போதவில்லை என்ற வழக்கமான விளக்கம் பாதி உண்மையே. தாயிடமோ ஆசிரியரிடமோ மருத்துவ அதிகாரியிடமோ சொன்ன பிறகு அந்தச் சொல் எங்கே போய்த் தேங்குகிறது என்பதே மற்றைப் பாதி. இவ்வுரை அந்தப் பாதியைப் பற்றியது.

மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் சாட்சிய அநீதி என்றொரு கருத்தை முன்வைத்தார். ஒருவர் தாம் அறிந்த ஒன்றைச் சொல்லும்போது, சொல்லப்பட்டதன் தரத்தைக் கொண்டல்லாமல், சொல்பவர் இன்ன இனத்தவர், இன்ன பாலினத்தவர், இன்ன வயதினர் என்பதைக் கொண்டு கேட்பவர் அதன் நம்பகத்தைக் குறைத்து மதிப்பதே அந்த அநீதி. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று தமிழர் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததும் இதையே. மனநலத் துறையில் இந்த அநீதி மற்றெல்லாத் துறைகளையும்விடக் கடுமையாகத் தாக்குகிறது; ஏனெனில், உடைந்த எலும்பைக் காட்ட ஊடுகதிர்ப் படம் உண்டு, சர்க்கரையைக் காட்ட இரத்தச் சோதனை உண்டு, ஆனால் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் நோயாளியின் சொல்லைத் தவிர முதன்மையான சான்று வேறில்லை. அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டால் நோயே இல்லை என்றாகிவிடுகிறது. அதைச் சொல்பவர் வறியவராகவும் சிறுபான்மையினராகவும் பதினைந்து வயதினராகவும் இருந்துவிட்டால், மூன்று தள்ளுபடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

தோட்டப்புறத் தமிழரிடையே இந்த நம்பாமைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அது போதிய அளவு பேசப்பட்டதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு எனும் வருகைப் பதிவு எடுக்கும் இடத்தில் பெயர் கொடுக்காதவருக்கு அன்றைய கூலி கிடையாது. உடம்பு சுகமில்லை என்பவர் தோட்ட மருத்துவமனைக்குப் போய், டிரெசர் என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர் முன் நிற்க வேண்டும். அவர் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து, புண்ணைக் கண்ணால் பார்த்து, இவர் மெய்யாகவே நோயாளியா, வேலைக்குச் சோம்பி வந்தவரா என்று தீர்ப்பளிப்பார். டிரெசர்களில் இரக்கமுள்ளவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் பிரசவம் முதல் பாம்புக்கடி வரை அவர்களை நம்பியே மக்கள் வாழ்ந்தார்கள். ஆயினும் அந்த ஏற்பாட்டின் அடிப்படை ஐயமே. நோய் என்பது கூலி கொடுப்பவரின் ஆள் ஏற்றுக்கொண்டால்தான் நோய். கண்ணுக்குத் தெரியாத வலி வேலைக்கள்ளம். தலைமுறை தலைமுறையாக இந்தச் சோதனைக்கு உட்பட்ட ஒரு சமூகம் அதே சோதனையைத் தன் பிள்ளைகள்மீதும் நடத்தக் கற்றுக்கொண்டது என்று கொள்வது மிகையாகாது. ‘காய்ச்சல் அடிக்குதா? இல்லல்ல? அப்ப எழுந்து போ’ என்று பள்ளிக்குப் போக மறுத்துப் படுத்திருக்கும் பிள்ளையிடம் ஒரு தாய் சொல்வது கொடுமையால் அன்று. அவரிடம் அப்படித்தான் கேட்கப்பட்டது, அவருடைய தாயிடமும் அப்படித்தான் கேட்கப்பட்டது.

துன்பம் இல்லாததால் எழுந்த நம்பாமை அன்று இது. கேமரன் மலையில் நிகழ்ந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் ஆராய்ந்து மனநல மருத்துவர் தி. மணியம் 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, அங்கே இந்தியரின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகைக்கு மிகவும் மீறியிருந்ததை அப்போதே பதிவு செய்தது. அதன் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாற, லயத்துக் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் சிதறின. டிரெசர் போனார், தோட்ட மருத்துவமனை போயிற்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டில் இருந்த பாட்டியும் போனார். ஐயம் மட்டும் குடும்பத்தோடு சேர்ந்து குடிபெயர்ந்தது.

வீட்டில் நம்பிக்கை கிடைக்காத சொல் அடுத்துப் போகும் இடம் பெரும்பாலும் கோயில். காத்துக் கறுப்பு அடித்துவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள், முனி பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் அழைத்துப் போய்க் கயிறு கட்டுவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு மேலே செல்வது படித்தவர்களுக்கு எளிது. ஆனால் அங்கே நடப்பதைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும்: சாமி பார்ப்பவர், பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதை மறுப்பதில்லை. நடிப்பு என்று அவர் சொல்வதில்லை. காரணத்தை வேறாகச் சொன்னாலும் துன்பத்தை ஏற்றுக்கொள்கிறார். நம்பப்படுதல் என்ற முதல் மருந்தைக் கோயில் கொடுக்கும்போது மருத்துவ நிலையம் கொடுக்கவில்லையென்றால், மக்கள் எங்கே போவார்கள் என்பதில் வியப்பில்லை. இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. கிளந்தானில் மலாய் மனநோயாளிகளிடையே 1990களில் நடந்த ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் தம் நோய்க்கு அமானுட சக்திகளே காரணம் என்று கூறினர். தீங்கு கயிற்றில் இல்லை, காலத்தில் இருக்கிறது. காதில் குரல் கேட்பது, பிறர் தன்னைத் தொடர்வதாக ஐயுறுவது போன்ற உளப்பிறழ்வு நோய்களில், முதல் அறிகுறிக்கும் முதல் மருத்துவத்திற்கும் இடைப்பட்ட மாதங்களை மருத்துவர்கள் சிகிச்சையற்ற காலம் என்று தனியே அளக்கிறார்கள். அந்தக் காலம் நீள நீள, மீட்சி குறைகிறது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டிருக்கிறது. மனநோய்களில் பெரும்பங்கு இளமையில்தான் தொடங்குகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாழ்நாள் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று அமெரிக்காவில் ரொனால்டு கெஸ்லர் குழு 2005இல் கணித்தது. அதாவது, சொல் மிகக் குறைவாக மதிக்கப்படும் வயதும் நோய் மிகுதியாகத் தொடங்கும் வயதும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பள்ளிக்கூடம் இந்தக் கதையில் மிகச் சிக்கலான இடம். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, சில வேளைகளில் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, வயதில் மூத்தவனாகவும் மொழியில் பின்தங்கியவனாகவும் படிவம் ஒன்றில் நுழைகிறான். மனச்சோர்வு என்றாலே மூலையில் உட்கார்ந்து அழுவது என்று எண்ணுவது பெரியவர்களின் வழக்கம். பதின்ம வயதில், குறிப்பாகப் பையன்களிடம், அது எரிச்சலாகவும் சண்டையாகவும் வகுப்புக்கு மட்டம் போடுவதாகவும் வெளிப்படக்கூடும் என்பதை மனநல நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. இந்தியப் பையன் சண்டையிட்டால் அதற்கு விளக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது: குண்டர் கும்பல். அவன் போய்ச் சேர்வது கட்டொழுங்கு ஆசிரியரின் அறை; அதே நடைவழியில் இருக்கும் ஆலோசக ஆசிரியரின் அறை அவனுக்குத் திறப்பதில்லை. கும்பல்கள் இல்லை என்பதன்று இங்கே சொல்லப்படுவது. அவை உண்டு, அவற்றில் சேர்வோரில் பலர் தூங்காத, உண்ணாத, எதிலும் ஆர்வமற்ற பிள்ளைகளாக முன்பே இருந்தார்கள், எவரும் கேட்கவில்லை என்பதுதான் இங்கே முன்வைக்கப்படுவது. பெண் பிள்ளைகளுக்கு வேறொரு விளக்கம் தயாராக இருக்கிறது. கையைக் கீறிக்கொண்டாள் என்றால் காதல் விவகாரம், கவனம் ஈர்க்கும் நாடகம், சீன் போடுகிறாள். பெற்றோரை அழைத்து, கைப்பேசியைப் பறித்துக்கொடுத்து, விஷயம் முடிந்ததாகக் கோப்பு மூடப்படுகிறது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பின்னாளில் உயிராபத்து நேரலாம் என்பதற்கான மிக வலுவான முன்னறிகுறிகளுள் ஒன்று என்பது மருத்துவ உண்மை. கவனம் வேண்டித்தான் அப்படிச் செய்தாள் என்றே வைத்துக்கொண்டாலும், கவனம் கொடுப்பதில் என்ன குறைந்துவிடும் என்ற கேள்விக்கு விடை சொன்னவர் இல்லை.

ஆலோசக ஆசிரியர்களைக் குறைகூறுவதும் நியாயமன்று. இடைநிலைப்பள்ளியில் 500 மாணவருக்கு ஒருவர் என்பது நெடுங்காலம் நிலவிய அளவு. தொடக்கப்பள்ளிகளில் 350 மாணவருக்கு மேல் இருந்தால்தான் முழுநேர ஆலோசகர் என்ற விதி இருந்தது. 150க்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்ட பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு அந்த விதியின் நிழலே படவில்லை. இருக்கிற ஆலோசகரும் தொழில் வழிகாட்டல், போதை ஒழிப்பு நிகழ்ச்சி, ஆவணப் பதிவு ஆகியவற்றுக்கிடையே கிடைக்கும் நேரத்தில்தான் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் கேட்க முடியும்.

இனி மருத்துவ நிலையம். பொது மருத்துவத்தின் விலை மலேசியக் குடிமக்களுக்குத் தடையாக இல்லை என்பதைப் பெருமையுடன் சொல்லலாம்: அரசு கிளினிக்கில் அவர்களுக்கு 1 ரிங்கிட், நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட். 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 2010இல் விதிமுறைகளோடு நடைமுறைக்கு வந்தபோது, பெருமருத்துவமனையின் மதிலுக்கு வெளியே சமூக மனநல மையங்களுக்கும் இடமளித்தது. மெந்தாரி என்று பெயர் பெற்ற அம்மையங்கள் பல மாநிலங்களில் இயங்குகின்றன. தடை வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளை முதலில் சந்திப்பது மனநல மருத்துவரை அன்று. நூற்றுக்கணக்கான காய்ச்சல், இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இடையில் அமர்ந்திருக்கும் மருத்துவ அதிகாரியை. அவர் இளைஞர், களைத்தவர், ஓரிரு ஆண்டுகளில் இடம் மாறிப் போகக்கூடியவர். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளையோடு வந்த தாயே விடை சொல்கிறார்: ‘ஒன்னும் இல்ல டாக்டர், சாப்பாடு சரியா சாப்பிடறது இல்ல, எந்நேரமும் போனுதான்.’ பிள்ளை தமிழில் நெஞ்சு அடைக்கிறது என்கிறான், தாய் அதை அரைகுறை மலாயில் மூச்சுத் திணறல் என்கிறார், மருத்துவர் நுரையீரலைக் கேட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். மனத்தின் வலியை உடலின் வலியாகச் சொல்வதை மருத்துவம் உடல்வழி வெளிப்பாடு என்று அழைக்கிறது. தமிழ் பேசும் குடும்பங்களில் அது மிகவும் இயல்பானது. ஆகவே, ஒன்றுமில்லை என்ற நல்ல செய்தியோடு பிள்ளை வீடு திரும்பும்போது, அவன் நடிக்கிறான் என்ற வீட்டாரின் ஐயத்திற்கு அரசு முத்திரையும் கிடைத்துவிடுகிறது.

அடுத்த படியில், வினாப்பட்டியலைத் தருமளவுக்கு ஒரு மருத்துவர் அக்கறை கொண்டாலும், எண்ணின் ஆட்சி தொடங்குகிறது. வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பவர் ‘லேசானது, உடற்பயிற்சி செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்ற அறிவுரையோடு அனுப்பப்படுகிறார். நிபுணரிடம் அனுப்பப்படுபவருக்குச் சந்திப்பு நாள் கிடைக்க வாரங்கள் ஆகின்றன. அன்று தந்தைக்கு விடுப்பு கிடைக்கவில்லையென்றால் இன்னொரு நாள். ஒவ்வொரு முறையும் புதிய முகம். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சொல்லும்போது உணர்ச்சி வறண்டுபோய் ஒப்பிப்பதுபோல் ஆகிவிட, அதுவே ‘அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை’ என்ற குறிப்புக்கு ஆதாரமாகிறது. சிரித்துப் பேசினால் நோய் இல்லை, அழுதால் நாடகம், பேசாமல் இருந்தால் ஒத்துழைப்பு இல்லை. குழந்தை, பதின்ம வயதினருக்கென்றே பயின்ற மனநல மருத்துவர்கள் நாட்டில் மிகச் சிலர், அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் என்பதால், பிள்ளையின் முகத்தைப் படிக்கப் பயின்ற கண் சிற்றூர்ப் பிள்ளைமீது விழுவதே அரிதாகிறது.

சட்டமும் நெடுங்காலம் இந்த நம்பாமைக்குத் துணை நின்றது. குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தன்னுயிரை மாய்க்க முயல்வதை ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. அவசரப் பிரிவில் உயிர் பிழைத்த பிள்ளை நோயாளியாகவும் சந்தேகத்துக்குரியவராகவும் ஒரே கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது. இருந்த உண்மையை மறைத்து, தவறுதலாக நடந்தது என்று சொல்லக் குடும்பங்கள் தூண்டப்பட்டன; அப்படிச் சொன்ன பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பக் காரணமே இல்லாமல் போயிற்று. நாடாளுமன்றம் 2023இல் அப்பிரிவை நீக்கியது. இது சிறிய செய்தியன்று. மனநல அமைப்புகளும் மருத்துவர்களும் பல ஆண்டுகள் வாதிட்டுப் பெற்றது. ஆனால் வயதைப் பற்றிய முரண்பாடு அப்படியே நிற்கிறது. மலேசியச் சட்டத்தில் 10 வயதைத் தாண்டிய பிள்ளை குற்றத்துக்குப் பொறுப்பேற்கத் தொடங்குகிறான். 12 வயதில் அடையாள அட்டை பெறுகிறான். 15 வயதில் விதிமுறைகளுக்கு உட்பட்டு வேலைக்குப் போகலாம். 18 வயதில், 2021ஆம் ஆண்டின் இறுதி முதல், வாக்களிக்கலாம். தனக்குச் சிகிச்சை வேண்டும் என்று கையொப்பமிட மட்டும் 18 வரை பெற்றோரோ பாதுகாவலரோ வேண்டும். ஒரு கடையில் திருடினான் என்றால் 13 வயதில் அவன் சொல் வாக்குமூலம். உறங்க முடியவில்லை என்றால் அதே 13 வயதில் அவன் சொல்லுக்குப் பெரியவர் ஒருவர் உறுதி கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே துன்பம் வரும் பிள்ளைகளுக்கு, அதாவது குடிக்கும் தந்தையிடம் அடி வாங்கும் பிள்ளைக்கும், உறவினர் ஒருவரால் சீண்டப்படும் பிள்ளைக்கும், இந்த ஏற்பாடு என்னவாகும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. பெற்றோர் ஒப்புதலை முற்றாக நீக்குவதே தீர்வு என்று சிலர் வாதிடுவர். அவ்வளவு தூரம் போகாமலே பலவற்றைச் சரிசெய்ய இயலும் என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

அண்டை நாட்டு அனுபவம் ஒன்று இதற்குப் பொருத்தமானது. சிங்கப்பூரில் தஞ்சோங் ரம்புத்தானுக்கு நிகரான ஏளனப் பெயர் வுட்பிரிட்ஜ். அந்த மருத்துவமனை 1990களில் மனநலக் கழகமாக மாறி இடம்பெயர்ந்த பின்னும் பெயரின் வடு போகவில்லை. அக்கழகம் 2009இல் சாட் என்ற இளையோர் சேவையைத் தொடங்கி, அதன் மையத்தைத் தன் வளாகத்தில் வைக்காமல், இளையோர் பொழுதுபோக்கக் கூடும் ஆர்ச்சர்ட் வட்டாரக் கட்டடம் ஒன்றில் வைத்தது. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழையலாம். ஆஸ்திரேலியா 2006 முதல் ஹெட்ஸ்பேஸ் என்ற பெயரில் 12 முதல் 25 வயது வரையினருக்கான நிலையங்களை நாடெங்கும் திறந்து, 18 வயதில் குழந்தைப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைக் கடக்க முயன்றது. அதைப் புகழ்வோர் அதன் குறையையும் அறிந்திருக்க வேண்டும்: அந்நிலையங்களுக்கு மீறிய சிக்கலும், மருத்துவமனை ஏற்கும் அளவுக்குப் போதாத கடுமையும் உடைய இளையோர் இரண்டுக்கும் நடுவில் கைவிடப்படுகிறார்கள் என்ற விமர்சனம் அந்நாட்டிலேயே ஓங்கி ஒலிக்கிறது. கதவை அழகாகத் திறந்துவைத்தாலும் உள்ளே போனபின் ‘உனக்கு இது போதாது, உனக்கு அது அதிகம்’ என்று சொல்லப்பட்டால் பழைய கதையே மீள்கிறது.

இவற்றைவிடப் பேராக் மாநிலத்தின் சிற்றூர்களுக்குக் கூடுதலாகக் கற்பிக்கக்கூடியது இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. கோவாவில் 1996இல் நிறுவப்பட்ட சங்காத் என்ற அமைப்பு, பட்டம் பெற்ற மனநல நிபுணர் அல்லாத சாதாரண மக்களைப் பயிற்றுவித்து ஆலோசகராக்கும் முறையை வளர்த்தது. அதைச் சார்ந்த ஆய்வாளர்கள் தில்லி அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12 வரை படிக்கும் மாணவரிடையே, சிக்கலைப் பிரித்துப் பார்த்துத் தீர்வு தேடும் எளிய ஆலோசனையைச் சில வாரங்கள் வழங்கி, கையேடு மட்டும் பெற்ற மாணவரோடு ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான முடிவு சிந்திக்க வைப்பது. பொதுவான வினாப்பட்டியலின்படி இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் ‘உன்னை அதிகம் வருத்தும் சிக்கல்கள் எவை’ என்று கேட்டு மாணவரே பட்டியலிட்டவற்றை அளந்தபோது, ஆலோசனை பெற்றவர்கள் தெளிவாக மேம்பட்டிருந்தார்கள். எண்ணின் ஆட்சியை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் திட்டம் பயனற்றது என்று மூடப்பட்டிருக்கும். பிள்ளையின் சொல்லை ஓர் அளவுகோலாக ஏற்றதால் பயன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயர் தாவாருக்கு நாளையே ஒரு மனநல நிபுணர் வந்துவிடப் போவதில்லை; தமிழ் பேசும், பயிற்சி பெற்ற, வாரம் ஒருநாள் பள்ளி முடிந்த பின் மாலையில் உட்காரக்கூடிய ஒருவரைப் பழைய மாணவர் சங்கமோ கோயில் நிர்வாகமோ நூலகமோ ஏற்பாடு செய்ய முடியும். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஆகவே அப்பணி பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பதையும், கோயில் நிர்வாகம் இடம் கொடுப்பதோடு நின்று ஆலோசனையில் தலையிடாதிருக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்த இரண்டாவது நிபந்தனையே கடினமானது.

அவசர நேரத்திற்கு வழிகள் உண்டு. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் கிளை ஈப்போவிலும் உண்டு. அந்த எண்களைப் பிள்ளையின் கைப்பேசியில் மட்டுமன்றி, பிள்ளை முதலில் பேசக்கூடிய அத்தை, டியூஷன் ஆசிரியர், காற்பந்துப் பயிற்றுநர் ஆகியோரின் கைப்பேசியிலும் பதிந்து வைப்பது பயனுள்ளது. சொல் பெரும்பாலும் பெற்றோரிடம் முதலில் போவதில்லை.

மருத்துவ நிலையத்தில் செய்யக்கூடிய மாற்றங்களில் மிக எளியதும் செலவற்றதும் ஒன்று உண்டு. சிகிச்சைக்கு ஒப்புதல் தருவது பெற்றோரின் உரிமை. பிள்ளை பேசும் ஒவ்வொரு நிமிடமும் பெற்றோர் அறையில் அமர்ந்திருக்க வேண்டும் என்று அந்த ஒப்புதல் கோருவதில்லை. சந்திப்பின் முதற்பகுதியில் தாயின் கவலையைக் கேட்டு, அடுத்த பத்து நிமிடம் அவரை வெளியே காத்திருக்கச் சொல்லி, பிள்ளையைத் தனியே, அவனுக்கு எளிய மொழியில் கேட்பது பல நாடுகளின் பதின்ம வயதினர் மருத்துவத்தில் வழக்கமாகிவிட்டது. மொழி ஒத்துவராவிட்டால் பெற்றோரையே மொழிபெயர்ப்பாளராக்காமல், நிலையத்தில் தமிழ் தெரிந்த தாதியரை அழைத்துக்கொள்ள வேண்டும். அவரும் பிள்ளையின் உறவினராகவோ பக்கத்து வீட்டாராகவோ இருந்துவிடக் கூடாது என்பது சிற்றூரில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. அந்தத் தனிப்பேச்சின் தொடக்கத்திலேயே, ‘நீ சொல்வதை உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன், உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சொல்ல வேண்டிவரும், அப்போதும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்று மருத்துவர் வாய்விட்டுக் கூற வேண்டும், கூறியதைக் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும், அடுத்த மாதம் வரப்போகும் புதிய மருத்துவர் அதே பிள்ளையிடம் அதே கதையை முதலிலிருந்து கேட்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் குறிப்பே போதுமானது.